கும்பாயா யாருடைய பாட்டு?

பாடசாலைச் சாரணர் முகாமொன்றில், இரவு தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து, கைதட்டிப் பாடிய பாட்டு அது. சொல்லித்தந்த ஆசிரியரிடம், "சேர், இது என்ன பாஷை?" என்று எங்களில் ஒருவன் கேட்டான். "ஆபிரிக்கா பாஷை" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியவேண்டிய தேவை இருக்கவில்லை. 'கும்பாயா' என்ற சொல் வாய்க்குச் சுகமாக இருந்தது. பாடினோம், படுத்தோம்.

பல வருடங்களுக்குப் பிறகு அந்தப் பாட்டு என் மேசைக்குத் திரும்பி வந்தது. ஆசிரியத் தொழில் பார்க்கும் ஊர்த் தம்பி ஒருவர் பதினெட்டுப் பக்கத்தில் கட்டுரையொன்று எழுதிக்கொண்டு வந்தார். "காக்கா, இத ஒருக்காப் பாத்துத் தாங்க. கும்பாயா நம்மட ஆக்கள்ர பாட்டு. அடிமையாப் போன முஸ்லிம்கள் கேட்ட துஆ. உலகத்துக்கே தெரியாம இரிக்கி" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

வாசித்தேன். உழைத்துத்தான் எழுதியிருந்தார். ஆனால் அதன் முடிவை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்வதற்கு, பாட்டின் வரலாற்றை அடியிலிருந்து பார்க்கவேண்டியதாயிற்று. பார்க்கப் பார்க்க, தம்பி விட்ட பிழையும் அவருக்கு முன்னே பெரிய பெரிய ஆட்கள் விட்ட பிழையும் ஒரே சாதியைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஆகவேதான் அவருக்குத் தனியாகச் சொல்லவேண்டியதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

1

முதலில் ஒரு பாதிரியாரின் கதை. மார்வின் ஃப்ரே என்பவர் வெள்ளையர், கிறிஸ்தவ எழுச்சிக் கூட்டங்களில் பாடுபவர், 1918இல் பிறந்தவர். இந்தப் பாட்டைத் தானே எழுதியதாக அவர் சொன்னார். ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லன்ட் நகரில், 1936 அளவில், பெண் ஊழியக்காரி ஒருவர் செய்த பிரார்த்தனையைக் கேட்டு அந்த உந்துதலில் எழுதினாராம். 1939இல் 'கம் பை ஹியர்' என்ற தலைப்பில் அச்சிட்டார், பதிப்புரிமையும் எடுத்தார். 'இந்தப் பக்கம் வா' என்பது தலைப்பின் பொருள்.

அப்படியானால் 'கும்பாயா' எங்கிருந்து வந்தது? அதற்கும் அவரிடம் விடை இருந்தது. மிஷனரிக் குடும்பமொன்று தன் பாட்டை ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனது, அங்குள்ள மக்கள் தங்கள் மொழியில் அதைப் பாடினார்கள், அந்த வடிவம் 1940களில் அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தது என்றார். 1950களில் தேவாலயங்களுக்கும் முகாம்களுக்கும் சிறு பாட்டுப் புத்தகங்கள் அச்சிட்டவர்கள் இந்தக் கதையின் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆபிரிக்கா என்றும் அங்கோலா என்றும் குறிப்பு வந்தது. எங்கள் சாரண ஆசிரியரின் 'ஆபிரிக்கா பாஷை' கடல் கடந்து வந்த வழி இதுதான்.

கதை நன்றாக இருக்கிறது. ஒரு குறைதான்: அந்தச் சொற்றொடருக்கு அந்தப் பொருள் தரும் ஆபிரிக்க மொழி எதையும் யாரும் காட்டவில்லை. அதைவிடப் பெரிய குறை இன்னொன்று இருக்கிறது. அது மெழுகில் பதிந்திருக்கிறது.

2

றொபேர்ட் வின்ஸ்லோ கோர்டன் என்ற மனிதர் 1920களில் நாட்டார் பாட்டுக்குப் பைத்தியமாக அலைந்தவர். 'அட்வென்சர்' என்ற சஞ்சிகையில் பழைய பாடல்களுக்கென்று ஒரு பத்தி நடத்தினார். வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டுகளை அவருக்கு எழுதி அனுப்புவார்கள். பிறகு ஜோர்ஜியா மாநிலக் கடற்கரையில் டேரியன் என்ற சிற்றூரில் தங்கி, மெழுகு உருளைகளில் கறுப்பின மக்களின் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தார். 1928இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நாட்டார் பாடற் காப்பகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே.

1926இல் அந்தக் கரையோரப் பகுதியில் அவர் பதிந்த உருளையொன்றில் எச். வைலி என்பவர் பாடுகிறார். பாட்டு, 'கம் பை ஹியர்'. யாரோ ஒருவருக்கு உன் உதவி தேவை, இந்தப் பக்கம் வா என்று தொடங்குகிறது. அடுத்து, எனக்கே தேவை என்கிறது. அதற்கடுத்து, பாவிகளுக்குத் தேவை என்கிறது. 'ஹியர்' என்ற சொல்லை வைலி தன் ஊர்ப் பேச்சில் 'யா' என்று உச்சரிக்கிறார். 'கம் பை யா'. வேகமாகச் சொல்லிப் பாருங்கள், கும்பாயா வந்துவிடும். ஆபிரிக்க மொழி எதையும் தேடிப்போக வேண்டியதில்லை. அந்தக் கரையோர மக்களின் குல்லா வழக்கில் விளைந்த ஆங்கிலச் சொற்கள்தாம் அவை.

அதே 1926இல் வட கரோலைனாவின் அலையன்ஸ் என்ற ஊரில் மினி லீ என்ற பெண் பாடிய வடிவம் தாளில் எழுதப்பட்டது. அங்கே பாடசாலை அதிபராக இருந்த ஜூலியன் போய்ட் அதைச் சேகரித்து கோர்டனுக்கு அனுப்பினார். யாரோ நோயில் கிடக்கிறார், யாரோ சாகக் கிடக்கிறார், யாரோ இக்கட்டில் இருக்கிறார் என்று அதன் அடிகள் போகின்றன.

பாதிரியார் ஃப்ரேக்கு 1926இல் எட்டு வயது. கணக்கு அவ்வளவுதான்.

அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவரே ஒரு பெண்ணின் பிரார்த்தனையைக் கேட்டுத்தான் எழுதியதாகச் சொல்கிறார். அந்தப் பிரார்த்தனைக்குள் ஏற்கனவே ஊரில் புழங்கிய பாட்டு இருந்திருக்கலாம். கேட்டதைத் தான் படைத்தது என்று நம்புவது மனித இயல்பு. ஆனால் காகிதமும் அச்சகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவரின் நம்பிக்கை சட்டத்தில் பதிப்புரிமையாக மாறியது. வைலிக்கும் மினி லீக்கும் அப்படியொரு வசதி இல்லை. வைலியின் முதற்பெயர்கூட அந்தப் பதிவில் ஓர் எழுத்தாகத்தான் நிற்கிறது.

3

இனி நம் தம்பியின் வாதத்துக்கு வருவோம். அதை இலேசாக எடுத்துவிட முடியாது, அடித்தளம் உண்மையானது.

டேரியன் இருக்கும் அதே மக்கின்டொஷ் மாவட்டத்தில், கடலுக்குள் சப்பலோ என்றொரு தீவு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோமஸ் ஸ்போல்டிங் என்ற பெருநிலக்காரரின் தோட்டம் அங்கே இருந்தது. அதில் அடிமைகளை மேற்பார்த்தவர் பிலாலி முஹம்மத். மேற்கு ஆபிரிக்காவின் ஃபூத்தா ஜாலோன் நாட்டில், திம்போவில் பிறந்து, ஓதிப் படித்து, இளவயதில் பிடிபட்டு விற்கப்பட்டவர். அவர் கைப்பட எழுதிய பதின்மூன்று பக்க அரபுக் கையெழுத்துப் பிரதி இன்றும் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அந்தப் பிரதியின் கதை ஆய்வு செய்ய விரும்பும் எவருக்கும் ஒரு பாடம். வாசிக்கத் தெரியாதவர்கள் அதைத் தோட்டத்து நாட்குறிப்பு என்று நெடுநாள் நினைத்தார்கள். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பேர்க் அதன் படியை நைஜீரியாவின் கானோ நகருக்குக் கொண்டுபோய் அங்குள்ள ஆலிம்களோடு இருந்து வாசித்தார். 1940இல் முடிவை வெளியிட்டார். இப்னு அபீ ஸைத் அல்-கைரவானியின் 'ரிஸாலா' என்ற மாலிக்கி மத்ஹப் ஃபிக்ஹு நூலின் பகுதிகளே அவை. வுழூ, தொழுகை, பாங்கு பற்றிய சட்டங்கள். பிள்ளைப் பருவத்தில் ஓதியதை, ஆயிரக்கணக்கான மைல் கடந்த அடிமைத் தீவில், கிதாபு ஒன்றும் கையில் இல்லாமல், நினைவிலிருந்து அந்த மனிதர் எழுதியிருக்கிறார். பிழைகளும் இருக்கின்றன. அந்தப் பிழைகளைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு கனக்கிறது.

தீவில் அவருடைய சந்ததியின் நினைவும் எழுத்தில் இருக்கிறது. 1940இல் வெளியான 'ட்ரம்ஸ் அன்ட் ஷடோஸ்' என்ற நூலுக்காக ஜோர்ஜியா எழுத்தாளர் திட்டத்தினர் கரையோர முதியவர்களைச் சந்தித்துக் கேட்டார்கள். சப்பலோவின் கேட்டி பிரௌன், பிலாலியின் மகள் மார்கரெட்டின் பேத்தி. பிலாலியும் மனைவி ஃபீபியும் மணிமாலை உருட்டித் தொழுததையும், நேரம் தவறாததையும் சொல்கிறார். அவர் நினைவில் வைத்திருந்த திக்ருச் சொற்கள் தேய்ந்துபோயிருக்கின்றன. ஆனாலும் 'அக்பர்' என்பதும் 'முஹம்மத்' என்பதும் நம் காதுக்குத் தப்பாது.

பாட்டி வருடத்தில் ஒரு நாள் செய்த தட்டையான பணியாரத்தைப் பற்றியும் அவர் சொல்கிறார். அரிசியும் தேனும். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொன்று கையில் கொடுத்துத் தின்ன விடுவாராம். அதன் பெயர் 'சரக்கா'. ஸதகா என்று நமக்கு யாரும் மொழிபெயர்த்துத் தரவேண்டியதில்லை. கத்தம் ஓதி நார்ஸா வாங்கக் கையேந்தி நின்ற நம் பிள்ளைப் பருவம் அப்படியே கண்முன் வருகிறது.

தம்பியின் கட்டுரையில் இந்தப் பகுதி மிக நன்றாக வந்திருந்தது. எனக்கும் கண் கலங்கியது. அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் அடுத்த பக்கத்தில் அவர் ஒரு பாய்ச்சல் பாய்கிறார்: பாட்டைப் பதிந்தவர் இருந்தது டேரியனில், பிலாலி இருந்தது அதே மாவட்டத்தில், ஆகவே பாட்டு பிலாலியின் மக்களுடையது, ஆகவே அது துஆ.

4

அந்த 'ஆகவே' இரண்டையும் உடைத்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது இடம். வைலி டேரியனைச் சூழ்ந்த பகுதியில் பாடினார் என்பது சரி. ஆனால் சப்பலோவில் பாடினார் என்றோ, பிலாலியின் வழிவந்தவர் என்றோ ஒரு சான்றும் இல்லை. போதாததற்கு, அதே ஆண்டில் இன்னொரு வடிவம் நூற்றுக்கணக்கான மைல் வடக்கே, மினி லீயின் வாயில் இருந்தது. காங்கிரஸ் நூலகத்தின் நாட்டார் வழக்காற்று அறிஞர் ஸ்டீபன் வினிக் இந்தச் சான்றுகளையெல்லாம் வரிசைப்படுத்தி ஆராய்ந்தவர். பாட்டு அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களிடையே பிறந்து பரவியது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். குல்லா மக்களின் பாட்டு என்று மட்டும் அதைக் கட்டிப்போடவும் அவர் சம்மதிக்கவில்லை. குல்லாவுக்கே உறுதியில்லாத உரிமையை, குல்லாவுக்குள் ஒரு தீவுக்கு, அந்தத் தீவுக்குள் ஒரு குடும்பத்துக்கு எப்படிக் கொடுப்பது?

இரண்டாவது, பாட்டின் உள்ளடக்கம். தம்பி இதைத் தொடவேயில்லை. ஒரு விமரிசகன் முதலில் தொடவேண்டியது இதைத்தான். பாட்டின் உயிரே 'இந்தப் பக்கம் வா' என்ற அழைப்பில் இருக்கிறது. இறைவன் இந்தச் சபைக்குள் வந்து இறங்கவேண்டும் என்று கூடியிருப்போர் சத்தமிட்டுக் கூப்பிடுவது கறுப்பினப் பெப்டிஸ்ட், மெதடிஸ்ட் தேவாலயங்களின் வழக்கம். நம் துஆவின் மொழி வேறு. பிடரி நரம்பை விடவும் அருகில் இருப்பவனை 'வா' என்று நாம் கூப்பிடுவதில்லை. மன்னிப்பாயாக, தருவாயாக, காப்பாயாக என்றுதான் கேட்கிறோம். இரவின் கடைசி மூன்றிலொரு பகுதி பற்றிய ஹதீஸை யாராவது எடுத்துக் காட்டலாம். அது அவன் இறங்குவது பற்றிய செய்தி. இறங்கி வா என்று நாம் அழைக்கும் துஆ அல்ல. ரிஸாலாவை மனப்பாடமாக வைத்திருந்த ஒரு மனிதர் இப்படியொரு வாசகத்தைத் துஆவாகத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார் என்று எண்ண இடமில்லை.

அமைப்பும் அப்படியே. ஓர் அடி மூன்று முறை திரும்பத் திரும்ப வருகிறது, நாலாவதில் முடிகிறது. அடுத்த சுற்றில் ஒரு சொல் மட்டும் மாறுகிறது. நோய், சாவு, இக்கட்டு, தேவை. ஒருவர் சொல்லைத் தூக்கிக் கொடுத்தால் மற்றவர்கள் வாங்கிக்கொள்ளலாம். ஏடு தேவையில்லை, எழுத்துத் தேவையில்லை. படிப்பதைச் சட்டம் தடுத்து வைத்திருந்த மக்கள் கூட்டமாகப் பாடுவதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. முஸ்லிம் ஓதல் மரபின் சாயல் அமெரிக்கக் கறுப்பிசையில் இருக்கிறது என்று சில்வியன் டியூஃப் போன்றோர் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதம் வயலிலும் அணைக்கட்டு வேலையிலும் தனியாள் குரலை நீட்டி, வளைத்து, நெளித்துப் பாடும் பாட்டுகளைப் பற்றியது. கும்பாயா அந்த வகையில் சேராது.

'ஷௌட்' என்ற சொல்லையும் தம்பி கொண்டுவந்திருந்தார். அந்தக் கரையோரத்தில் கைதட்டிக் காலை இழுத்து வட்டமாகச் சுற்றிவந்து வழிபடுவதற்கு 'ரிங் ஷௌட்' என்று பெயர். கஃபாவை ஒருமுறை சுற்றுவதைக் குறிக்கும் அரபுச் சொல் 'ஷவ்த்'. இரண்டையும் இணைத்துச் சொன்னவர் சாதாரணமானவர் அல்ல. குல்லா வழக்கை ஆராய்ந்து 1949இல் பெருநூல் வெளியிட்ட கறுப்பின மொழியியலாளர் லொரென்ஸோ டோ டேர்னர் அவர். மதிக்கவேண்டிய கருத்து. ஆனால் அது ஒரு கருத்துத்தான். வட்டமாகச் சுற்றி ஆடி வழிபடுவது முஸ்லிம்கள் அல்லாத மத்திய ஆபிரிக்க மக்களிடமும் உண்டு. டேர்னர் 'இருக்கலாம்' என்ற இடத்தில் வைத்ததை நாம் 'இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டால் அவருடைய பெயரைத்தான் கெடுக்கிறோம்.

5

"அப்ப நம்மட ஆக்களுக்கு ஒண்டுமே இல்லையா காக்கா?" என்று தம்பி கேட்டார். கோபம் இல்லை, குரல் மட்டும் உடைந்திருந்தது.

இருக்கிறது. பிலாலியின் பதின்மூன்று பக்கம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுத்த சரக்கா இருக்கிறது. தேய்ந்த திக்ரு இருக்கிறது. இவை சான்றோடு நம் கையில் கிடைத்தவை. கிடைத்ததை விட்டுவிட்டு, கிடைக்காத ஒரு புகழ்பெற்ற பாட்டுக்குப் பின்னால் நாம் ஓடுவது ஏன்? கும்பாயாவை உலகம் அறியும், சரக்காவை அறியாது என்பதால்தானே? சந்தையில் விலைபோவதைத் தேடிப்போகும் புத்தி அது. அதே புத்திதான் மற்றவர்களையும் ஆட்டிவைத்தது.

பாட்டுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1957இல் ஃபோக்ஸ்மித்ஸ் என்ற கல்லூரி மாணவர் குழு முகாம் முகாமாகப் போய் அதைக் கற்றுக்கொடுத்தது. பீற் சீகர் பாடினார், ஜோன் பயஸ் பாடினார். 1960களில் சிவில் உரிமைப் போராட்டத்தில் பொலிஸுக்கு முன்னால் நின்றவர்களும் பாடினார்கள். அங்கே அதற்குப் பழைய பொருள் கொஞ்சம் மீண்டது. பிறகு முகாம் தீக்குள் போய் இனித்துப் போயிற்று. இன்று அமெரிக்க அரசியலில் 'கும்பாயா' ஒரு நக்கல் சொல். விபரம் தெரியாமல் எல்லோரும் ஒற்றுமையாக இருப்போம் என்று கைகோத்து நிற்பவனைக் கேலி செய்ய அதைச் சொல்கிறார்கள். சாகக் கிடப்பவனுக்காக இறைவனைக் கூப்பிட்ட சொல் இப்படியானது எப்படி? கூப்பிட்டவர்களின் முகம் பாட்டிலிருந்து துடைக்கப்பட்டதால்தான். பாதிரியார் ஒரு முறை துடைத்தார். 'ஆபிரிக்கா பாஷை' என்றவர்கள் ஒரு முறை துடைத்தார்கள். நம் தம்பி, எவ்வளவு அன்போடு என்றாலும், மூன்றாம் முறை துடைக்கப் பார்த்தார். வைலி கூப்பிட்டது தன் கர்த்தரை. மினி லீ கூப்பிட்டதும் அப்படியே. அவர்களுடைய ஈமானை அவர்களிடமிருந்து எடுத்து, நம் பெயரை ஒட்டுவது நீதியாகாது. அடிமைக் கப்பலில் பெயர் பறிபோனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் செய்வது இன்னும் பெரிய அநீதி.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அந்த மாணவர் குழுவில் பாடிய ஜோ ஹிக்கர்சன் பிற்காலத்தில் கோர்டனின் அதே காப்பகத்துக்குத் தலைவரானார். இளவயதில் அவர் ஊரூராகப் பரப்பிய பாட்டின் பழைய குரல் அவர் பொறுப்பில் இருந்த இடத்திலேயே மெழுகில் கிடந்தது. கேட்கிறவன் வரும்வரை சான்று பொறுமையாகத்தான் இருக்கும். நாம்தான் அவசரப்படுகிறோம்.

நம் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவித் தொகுப்புகள் சில என் வீட்டில் இருக்கின்றன. தொகுத்தவரின் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கிறது. வயலோரத்திலும் அடுப்படியிலும் அந்தக் கவிகளைச் சொன்ன உம்மாமார் பலரின் பெயர் உள்ளே இல்லை. வைலிக்கு ஓர் எழுத்தாவது மிஞ்சியது. ஜோர்ஜியாவில் யார் யாருடைய பாட்டை எடுத்தார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டென்றால், இந்தக் கேள்வியும் நம்மை விடாது.

தம்பி கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து வந்தார். பதினெட்டுப் பக்கம் ஏழாகியிருந்தது. கும்பாயா அதில் இல்லை. பிலாலியின் கையெழுத்துப் பிரதியும் கேட்டி பிரௌனின் பணியாரமும் மட்டுமே இருந்தன. "பேத்தியிட பேர மறக்காமப் போட்டிரிக்கேன் காக்கா" என்றார்.

அந்த ஏழு பக்கத்தையும் அச்சுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.